வடசென்னை நடைபாதை, சைக்கிள் பாதைத் திட்டங்கள்: ஆறு மண்டலத்தையும் ஒரே வரைபடத்தில் எப்படிக் கொண்டுவருவது?

தேரடி_வாசகன்

திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர். இந்த ஆறு மண்டலங்களில், அதாவது வார்டு 1 முதல் 78 வரை, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்னென்ன திட்டங்கள் உள்ளன என்பதை ஒரே வரைபடத்தில் கொண்டுவரும் வேலைக்காக இந்த இழை.

இப்போது அது துண்டுதுண்டாகக் கிடக்கிறது. பேருந்து போகும் சாலைகளின் நடைபாதையை மாநகராட்சியின் பேருந்துத் தடச் சாலைகள் துறை போடுகிறது. உள்தெருக்கள் மண்டல அலுவலகத்தின் கையில். மழைநீர் வடிகால் துறை வடிகாலின் மேல் மூடிபோட்டால் பல இடங்களில் அதுவே நடைபாதை ஆகிவிடுகிறது. எண்ணூர் விரைவுச்சாலை, மணலி பக்கச் சாலைகள் எல்லாம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டத்தில் வந்தவை. மெட்ரோ நிலையங்களின் வாசலை மெட்ரோ நிறுவனம் பார்க்கிறது. போதாததற்கு, 2023இல் ₹1,000 கோடி என்று அறிவிக்கப்பட்டு 2024 மார்ச்சில் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டம் சிஎம்டிஏ எனும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் வழியாக நடக்கிறது.

2014இல் மாநகராட்சி ஏற்றுக்கொண்ட மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்துக்கான ஒதுக்கீட்டில் குறைந்தது 60 விழுக்காடு நடைக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்கிறது. அந்தப் பணம் எங்கள் பகுதியில் எந்தத் தெருவில் இறங்குகிறது என்று கேட்டால் காட்ட ஒரு வரைபடம் இல்லை.

வார்டுக்கு ஒரு லேயர் (வரைபடத்தின் மேல் ஒரு தனி அடுக்கு) என்று 78 லேயர் போட்டு, ஒவ்வொரு வார்டிலும் இருவர் மூவர் பொறுப்பேற்கலாம் என்பது என் யோசனை. இது சரிவருமா?

கொருக்கு_கேட்

வார்டை அலகா வைக்காதீங்க சார். வார்டு எல்லை பல இடத்துல சாலையோட நடுவுல ஓடுது. இடப்பக்க நடைபாதை ஒரு வார்டு, வலப்பக்கம் இன்னொரு வார்டு. ரெண்டு பேரும் ஒரே சாலையை வரைவாங்க, இல்லன்னா ரெண்டு பேருமே விட்டுடுவாங்க. விடுபடுறது எப்பவும் எல்லைதான். நடக்கிறவனுக்குக் கஷ்டமும் அங்கதான்: ரயில்வே கேட், சுரங்கப்பாதை, பக்கிங்காம் கால்வாய்ப் பாலம், கேப்டன் காட்டன் கால்வாய்ப் பாலம்.

அலகு சாலைத் துண்டா இருக்கணும். ஒரு சந்திப்புலேர்ந்து அடுத்த சந்திப்பு வரைக்கும் ஒரு துண்டு. சந்திப்பு இல்லாட்டியும் நாலு இடத்துல கட்டாயம் வெட்டணும்: ரயில்வே கேட்டோட ரெண்டு பக்கமும், பாலம் ஏறுற இடமும் இறங்குற இடமும், சுரங்கப்பாதை வாயில், சாலையோட உரிமைத் துறை மாறுற இடம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிலையான எண். அந்த எண்ணுக்குள்ள வார்டு எண்ணைச் சேர்க்காதீங்க. 2011ல மாநகராட்சி 174 சதுர கி.மீ.லேர்ந்து 426 சதுர கி.மீ. ஆனப்போ வார்டு 155லேர்ந்து 200 ஆச்சு, எண் எல்லாம் மாறிச்சு. நாளைக்கு மறுபடி மாறும். வார்டு ஒரு தனிக் கட்டம், அவ்வளவுதான். வார்டு வாரியா வேணும்னா அப்புறம் வடிகட்டிக்கலாம்.

இடம், வலம் ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. 'நடைபாதை உண்டு'ன்னு ஒரே கட்டம் வச்சா ஒரு பக்கம் மட்டும் இருக்கிறதும் உண்டுன்னே வரும். எது இடம்? கோடு வரைஞ்ச திசையில நின்னு பார்த்தா இடது. ஆகவே எல்லாக் கோட்டையும் தெற்கேர்ந்து வடக்கா, கிழக்கேர்ந்து மேற்கா வரையணும்னு முதல் நாளே முடிவு பண்ணிடுங்க. பாதியில யாராவது கோட்டைத் திருப்பினா இடம் வலம் மொத்தமும் தலைகீழாயிடும், கண்ணுக்கும் தெரியாது.

வண்ணை_ஆவணம்

துண்டு என்ற யோசனையை ஏற்கிறேன். அதைவிட எனக்குப் பெரிய கவலை 'திட்டம்' என்ற சொல்லைத் தளர்வாகப் பயன்படுத்துவது. செய்தியில் வந்த அறிவிப்பும், வேலை உத்தரவு கொடுத்த பணியும் ஒரே நிறத்தில் வந்தால் வரைபடத்தை யாரும் நம்ப மாட்டார்கள். நிலையை இப்படிப் பிரிக்கலாம்: அறிவிப்பு, மன்றத் தீர்மானம் அல்லது நிர்வாக ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு, பணி நடக்கிறது, முடிந்தது. கைவிடப்பட்டது என்று ஏழாவது ஒன்றும் வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் ஓர் ஆவணமும் அதன் தேதியும் இருந்தால்தான் அந்த நிலைக்கு நகர்த்தலாம். ஆவணம் இல்லையென்றால் அறிவிப்பிலேயே நிற்கட்டும்.

ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் இடம் பெரும்பாலும் சங்கிலித் தூரமாக இருக்கும்: 'சாலை இன்னது, 0/350 முதல் 1/120 வரை' என்பதுபோல, அதாவது தொடக்கத்திலிருந்து 350 மீட்டர் முதல் 1 கி.மீ. 120 மீட்டர் வரை. அதை வரைபடத்தில் இறக்க க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் லைன் சப்ஸ்ட்ரிங் கருவி போதும். தொடக்க மீட்டரும் முடிவு மீட்டரும் கொடுத்தால் அந்தத் துண்டை வெட்டிக் கொடுக்கும். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பூஜ்யம் எங்கே என்பது. மாநகராட்சிச் சாலைக்கு அந்தச் சாலையின் ஒரு முனை பூஜ்யமாக இருக்கலாம். நெடுஞ்சாலைக்கு அது எங்கோ தொலைவில் தொடங்கும். கி.மீ. கல்லையோ, ஆவணத்திலேயே சொல்லப்பட்ட ஒரு சிறு பாலத்தையோ வைத்துச் சரிபார்க்காமல் வெட்டக் கூடாது.

இரண்டாவது, அளவு அலகு. கோப்பு டபிள்யூஜிஎஸ் 84 பாகையில் (அட்சரேகை, தீர்க்கரேகை) இருந்தால் 350 என்று கொடுத்தால் அது 350 பாகை. யுடிஎம் 44 வடக்கு, எண் 32644 என்ற மீட்டர் அளவு முறைக்கு மாற்றிய பிறகே மீட்டரில் வெட்ட முடியும். சென்னை முழுவதும் அந்த ஒரே யுடிஎம் மண்டலத்துக்குள் வருகிறது, எல்லைத் தொல்லை இல்லை.

பழைய அரசு ஆவணங்களின் தமிழை நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். அவை யூனிகோடு அல்ல. வானவில் எழுத்துருவில் அடித்தவை நிறைய. குறியாக்க மாற்றி வழியே ஓட்டிய பிறகுதான் சாலைப் பெயரைத் தேட முடியும். அப்படியும் ஒரே சாலை மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும் என்பதால் மாற்றுப் பெயர்களுக்கு ஒரு கட்டம் வையுங்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலை, டி.எச். ரோடு இரண்டும் ஒன்று என்று வரைபடத்துக்குத் தெரிய வேண்டும்.

அளவுநாடா

திட்டத்தை மட்டும் வரைந்தால் போதாது. இப்போது தரையில் என்ன இருக்கிறது என்பது பக்கத்தில் இல்லையென்றால் திட்டம் எதைச் சரிசெய்கிறது என்று எப்படிச் சொல்வது?

அளக்க வேண்டியது நடைபாதையின் மொத்த அகலம் அல்ல, தடையில்லாமல் நடக்கக் கிடைக்கும் அகலம். இந்தியச் சாலைப் பேரவையின் 103ஆம் நெறிமுறை குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் தடையின்றி வேண்டும் என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க அது வேண்டும். நம் பக்கம் வழக்கமாகக் கிடைப்பது வடிகால் மூடியின் அகலம்தான். 1.5 மீட்டர் மூடியில் மின்வாரியப் பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்பெட்டி) 60 செ.மீ. எடுத்துக்கொண்டால் மிச்சம் 90. ஒரு சக்கர நாற்காலி போகலாம், எதிரே ஆள் வந்தால் நிற்க வேண்டும். அந்தத் துண்டின் அகலம் 1.5 என்று எழுதினால் பொய். 0.9 என்று எழுதுங்கள்.

ஆகவே ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு பக்கத்திலும் மிகக் குறுகிய இடத்தைத் தேடி அங்கே அளக்க வேண்டும். செ.மீ.யில் முழு எண்ணாக எழுதுங்கள், '1.8', '1,8', '6 அடி' என்று கலந்து வராது. எது குறுக்கியது என்பதையும் குறியுங்கள்: பில்லர் பாக்ஸ், டிரான்ஸ்பார்மர், மரம், கடைப் படி, நிறுத்திய பைக், தள்ளுவண்டி. இது முக்கியம், ஏனென்றால் பில்லர் பாக்ஸை நகர்த்துவது மின்வாரியம், கடைப் படியை எடுப்பது மாநகராட்சி. தள்ளுவண்டிக்கு 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு வழியே இடம் ஒதுக்க வேண்டும். அதைத் தடை என்று மட்டும் எழுதி விட்டுவிட்டால் நம் வரைபடத்தைக் காட்டியே வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வண்டிகளைத் தூக்குவார்கள். வியாபாரம் நடக்கும் அகலத்தைத் தனிக் கட்டமாக எழுதுங்கள்.

உயரமும் வேண்டும். கெர்ப் கல், அதாவது நடைபாதையின் ஓரக் கல், 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. இறங்கும் சரிவு 1:12 என்றால் 15 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம் தேவை. அந்த நீளம் இல்லாத இடத்தில் செங்குத்தாக ஒரு சரிவைப் பூசி விடுகிறார்கள். கைத்தடி ஊன்றும் முதியவர் அதில் வழுக்குகிறார். வீட்டு கேட்டுகளுக்காக ஒவ்வொரு பத்தடிக்கும் நடைபாதையை இறக்கி ஏற்றுவதும் அப்படித்தான். நடைபாதை மட்டம் மாறாமல் ஓட, வண்டிக்கான சரிவு ஓரத்தில் மட்டும் இருக்க வேண்டும். ஏற்ற இறக்கங்களின் எண்ணிக்கையைத் துண்டுக்கு ஒன்றாக எழுதினால் திட்ட வரைபடத்தில் அது சரியாகிறதா என்று ஒப்பிடலாம்.

எதிர்த் தவறும் உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டால் சாலை உயர்ந்து கெர்ப் மறைந்துவிடும், நடைபாதை வண்டி நிறுத்தமாகிவிடும். ஆகவே சாலை மறுசீரமைப்புப் பணிகளையும் ஒரு லேயராக வையுங்கள். நடைபாதைத் திட்டம் இல்லாத துண்டில் தார் திட்டம் இருந்தால் அதுதான் முதலில் பேச வேண்டிய இடம்.

புளியந்தோப்பு_பெடல்

அளவுநாடா அக்கா சொன்னது நடைக்குச் சரி. சைக்கிளைப் பத்தியும் பேசணும். பேரவையோட 11ஆம் நெறிமுறைப்படி தனி சைக்கிள் பாதைன்னா குறைஞ்சது 2 மீட்டர். எண்ணூர் விரைவுச்சாலையில அதுக்கு இடம் இருக்கு. முதல்ல அதை வரைபடத்துல கோரிக்கையா போடுவோம். காசிமேட்டுலேர்ந்து எண்ணூர் வரைக்கும் வேலைக்குப் போறவங்க சைக்கிளை இன்னும் விடலை. அரசுப் பள்ளியில 11ஆம் வகுப்புக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்குறாங்க, வடசென்னையில அந்த சைக்கிள் இல்லாத தெரு கிடையாது. ஓட்ட இடம்தான் இல்லை.

மஞ்சள்கோடு

விரைவுச்சாலையை முதலில் எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை நண்பரே. அங்கே இடது ஓரம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் காத்திருப்பு இடம். பெயின்ட் கோடு போட்ட சைக்கிள் தடம் என்றால் மறுநாளே லாரி அதன் மேல் நிற்கும். கெர்ப் வைத்துப் பிரித்தால் மட்டுமே தடம் நிலைக்கும், அதற்கும் லாரிகளுக்கு வேறு நிறுத்தம் தர வேண்டும். அது துறைமுகம், போக்குவரத்துக் காவல், நெடுஞ்சாலை ஆணையம் மூன்றும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

அந்தச் சாலையில் நீளவாக்கில் போவதைவிடக் குறுக்கே கடப்பதுதான் உயிர்ப் பிரச்சினை. வீடு ஒரு பக்கம், படகும் கடலும் மறுபக்கம். கடக்கும் இடங்களைக் கோடாக இல்லாமல் தனிப் புள்ளிகளாக வரையுங்கள். ஒவ்வொன்றுக்கும் கடக்கும் நீளம், நடுவில் நிற்க இடம், சிக்னல் பச்சை எத்தனை விநாடி என்பது வேண்டும். நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்தால் 24 மீட்டரைக் கடக்க 20 விநாடி. முதியவருக்கும் குழந்தையைத் தூக்கி வருபவருக்கும் இன்னும் கூட. பச்சை 12 விநாடி இருந்தால் அந்தப் புள்ளி சிவப்பு. 200 அடி உள்வட்டச் சாலையில் நடுத்திட்டு இல்லாமல் ஒரே மூச்சில் கடக்கவே முடியாது. அந்தத் திட்டு 2 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும், சைக்கிளின் நீளமே ஏறக்குறைய 1.8 மீட்டர். ஒரு மீட்டர் திட்டில் சைக்கிளோடு நின்றால் முன்சக்கரமோ பின்சக்கரமோ சாலையில் இருக்கும்.

சைக்கிளுக்கு உள்தெருக்களை இணைத்துத் தடம் காட்டலாம். பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி உள்தெருக்களில் வேகமே குறைவு, தனிப் பாதை தேவையில்லை.

புளியந்தோப்பு_பெடல்

உள்தெரு சரி, ஆனா அந்தத் தெரு ரயில் தண்டவாளத்துல போய் முட்டுதே. வியாசர்பாடியிலேர்ந்து கிழக்கே வரணும்னா எந்தத் தெருவுல சுத்தினாலும் கடைசியில ஒரு சுரங்கப்பாதையிலேயோ கேட்டிலேயோ லாரியோடதான் போகணும். உள்தெருத் தடத்தை மட்டும் பச்சையா வரைஞ்சா அந்த நூறு மீட்டர் மறைஞ்சிடும். பிள்ளையைச் சைக்கிள்ல அனுப்பலாமா வேணாமான்னு அம்மா முடிவு பண்றது அந்த நூறு மீட்டரைப் பார்த்துத்தான்.

இன்னொண்ணு. மீன்பாடி வண்டியை, அதான் சரக்கு ஏத்துற மூணு சக்கர வண்டியை, கணக்குல எடுக்காம வடசென்னையில சைக்கிள் பாதை வரைய முடியாது. பைக் நுழையாம இருக்க நட்டுற கம்பத்துக்கு இடையில மீன்பாடி நுழையுமான்னு பாருங்க. நுழையலைன்னா அது சாலையிலதான் போகும், பின்னாடி வர்ற பஸ் ஹாரன் அடிச்சிக்கிட்டே வரும். பாதைக்குள்ள விடுறதுன்னா 2 மீட்டர்ல அதை இன்னொரு சைக்கிள் முந்த முடியாது. ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணி எழுதணும்.

கொருக்கு_கேட்

பெடல் சொல்றதுதான் என் முதல் பதிவோட சாரம். தடை லேயர்னு ஒண்ணு தனியா வையுங்க: ரயில் பாதை, கால்வாய், ஓட்டேரி நல்லா ஓடை, சுவர் வச்ச தொழிற்சாலை. அதைக் கடக்கிற ஒவ்வொரு வழியும் ஒரு புள்ளி. அப்புறம் தடையோட ரெண்டு பக்கமும் இருக்கிற பள்ளி, ரேஷன் கடை, ரயில் நிலையத்துக்கு நேர்கோட்டுத் தூரம் எவ்வளவு, நடந்தா எவ்வளவுன்னு ரெண்டையும் எடுத்து வகுங்க. நேர்கோட்டுல 300 மீட்டர், நடை 1,100 மீட்டர்னா விகிதம் 3.7. ரெண்டுக்கு மேல போனா அங்க திட்டம் இருக்கான்னு பார்க்கணும். மெட்ரோ நிலையத்தைச் சுத்தி 500 மீட்டர் வட்டம் போட்டு 'எல்லாருக்கும் பக்கம்'னு சொல்றதை நம்பாதீங்க. தண்டவாளத்துக்கு அந்தாண்டை இருக்கிற வீடும் அந்த வட்டத்துக்குள்ளதான் வரும். தெரு வழியா அளக்கிற எல்லைதான் வேணும்.

கேட்டுல இன்னும் ஒரு விவரம். தண்டவாளப் பள்ளம் சைக்கிள் டயரைவிட அகலம். சாலை தண்டவாளத்தைச் செங்குத்தாக் கடந்தா பிரச்சினை இல்லை, சாய்வா கடந்தா சக்கரம் உள்ள இறங்கிடும், மழையில இன்னும் மோசம். கோணத்தையும் எழுதுங்க. வடிகால் இரும்புச் சட்டம் சாலையோட திசையிலேயே கம்பி வச்சிருந்தா அதுவும் இதே ஆபத்து.

மேம்பாலம் வந்துட்டா தீர்ந்ததுன்னும் எழுதாதீங்க. மேம்பாலம் வண்டிக்கு. கணேசபுரம் மாதிரி இடத்துல மேல பாலம் வந்தாலும் நடக்கிறவன் கீழ சுரங்கப்பாதையிலதான் வருவான். மேல் தளம், கீழ் தளம் ரெண்டு தனிக் கோடு. நடைமேம்பாலம்னா படியோரமா சைக்கிளை உருட்டி ஏத்த ஒரு சரிவுத் தடம் இருக்கான்னு ஒரு கட்டம்.

அளவுநாடா

சுரங்கப்பாதை என்றால் தண்ணீர் லேயரும் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தண்ணீர் தேங்கும் துண்டைத் தனியாகக் குறியுங்கள். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நடக்கும் கொசஸ்தலையாறு வடிநில வடிகால் பணி நம் வடக்கு மண்டலங்களில்தான் வருகிறது. அந்த வடிகால் எந்தத் தெருவில், எந்தப் பக்கம், எந்த மட்டத்தில் வருகிறது என்பதே அங்கே அடுத்த பல ஆண்டுகளுக்கு நடைபாதை எப்படி இருக்கும் என்பதை முடிவு செய்யும். மூடி சாலையைவிட ஒன்றரை அடி உயர்ந்து வந்தால் அதன் மேல் யாரும் ஏற மாட்டார்கள். வடிகால் வரைபடத்தின் குறுக்குவெட்டை வேலை உத்தரவுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். கான்கிரீட் போட்ட பிறகு மட்டத்தை மாற்ற முடியாது.

வண்ணை_ஆவணம்

கேட்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரிவு 6(1)இன் கீழ் மனு, ₹10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் நடைபாதை போடவில்லை' என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல. 'இன்ன சாலை, இந்தச் சந்திப்பு முதல் அந்தச் சந்திப்பு வரை, ஒப்புதல் பெற்ற குறுக்குவெட்டு வரைபடத்தின் நகல், வேலை உத்தரவின் நகல், அளவுப் புத்தகத்தின் (முடிந்த பணியின் அளவைப் பதியும் ஏடு) இன்ன பக்கங்களின் நகல்' என்று கேளுங்கள். ஒரு மனுவில் ஒரு சாலை. பத்துச் சாலையைச் சேர்த்தால் திரட்டித் தர இயலாது என்று திருப்பிவிடுவார்கள். சாலை யாருடையது என்று தெரியாவிட்டாலும் மாநகராட்சிக்கே அனுப்புங்கள். பிரிவு 6(3)படி ஐந்து நாளில் உரிய துறைக்கு மாற்ற வேண்டும். அந்த மாற்றல் கடிதமே உரிமை யாருக்கு என்பதற்கான ஆவணம், துண்டின் உரிமைக் கட்டத்தில் அதன் எண்ணைப் பதியுங்கள்.

யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எதை ஏற்றுவது என்பதிலும் ஒழுங்கு வேண்டும். தரையில் இருப்பதை, அகலம், மேற்பரப்பு, கெர்ப், கடக்கும் இடம் எல்லாவற்றையும் அங்கே ஏற்றுங்கள். திட்டங்களை ஏற்ற வேண்டாம். அவை நம் ஜியோபேக்கேஜ் எனும் வரைபடத் தரவுக் கோப்பில் துண்டு எண்ணோடு தனியாக இருக்கட்டும். கூகுள் வரைபடத்தைப் பார்த்து வரைந்ததை எங்கும் சேர்க்கக் கூடாது, உரிமம் இடம் தராது.

தேரடி_வாசகன்

அப்படியானால் வார்டு லேயர் யோசனையைக் கைவிடுகிறேன். முதல் தாளாக டி.எச். ரோட்டில் டோல்கேட் முதல் தேரடி வரையும், இரண்டாவதாகக் கொருக்குப்பேட்டை கேட்டைச் சுற்றியும் எடுப்போம். வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் ஏரியா சபையில் வைக்க ஏ3 அளவில் அச்சடிப்போம். நிறம் தெரியாதவர்களுக்கும் கறுப்பு வெள்ளை நகலுக்கும் ஆகும்படி நிலையைக் கோட்டின் வடிவத்தால் காட்டுவோம்: முடிந்தது முழுக்கோடு, வேலை உத்தரவு நீள்வெட்டுக் கோடு, அறிவிப்பு புள்ளிக்கோடு.

தேரடிக்கு மட்டும் ஒரு கூடுதல் கட்டம் கேட்கிறேன். மாட வீதிகளில் தேர் திரும்ப வேண்டும். கம்பம் நட்டால் குழாய் உறையில் செருகிக் கழற்றும் வகையாகவே இருக்க வேண்டும், கெர்ப்பும் தேர்ச் சக்கரத்தின் தடத்துக்கு வெளியே.

கொருக்கு_கேட்

நல்லது சார். டி.எச். ரோடுல மெட்ரோ மேல்பாதைக்கு அடியில ஜிபிஎஸ் ஆடும். திறந்தவெளியில போன் மூணுலேர்ந்து அஞ்சு மீட்டருக்குள்ள காட்டும், அடியில போனா கோடு எதிர்ப்பக்கக் கடைக்கே தாவிடும். அங்க போன் புள்ளியை நம்பாம தூண் எண்ணைக் குறிச்சிக்கிட்டு வாங்க. இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நடுவுல, மேற்குப் பக்கம், அகலம் இத்தனை செ.மீ.ன்னு எழுதினா போதும். தூண்களோட புள்ளி லேயரை நான் செயற்கைக்கோள் படத்துலேர்ந்து எடுத்து இங்க ஏத்துறேன்.